மழை செய்துகொண்டிருந்த வேலை

ஈஸ்டருக்குள் முடித்துவிடு என்றார் பாதிரியார்.
கூலி முப்பத்திரண்டு மார்க். சாரம் கோயில் செலவு.
வடக்குச் சுவரில், கூரைத் தண்ணீர் வடியும் மூலையில்
சிவப்பு மணற்கல்லில் ஒரு பன்றி.
அதன் மடியில் வாய் வைத்தபடி மூன்று யூதர்கள்.
செதுக்கியவன் பெயர் தெரியாது.
என்னைப்போல் கூலிக்கு வந்தவனாக இருக்கும்.
பன்றியின் காதை மட்டும் ஆசையோடு செய்திருக்கிறான்.

ஐந்நூறு வருட மழை.
முகங்கள் வழித்தெடுத்த மாவு மாதிரி.
ஒருவனுக்குக் கண் இல்லை, ஒருவனுக்கு வாயே இல்லை,
மூவருக்கும் மூக்கு போய்விட்டது.
கூம்புத் தொப்பிகள் மட்டும் மிச்சம்.
அதைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் வரவேண்டும்
என்று சட்டம் செய்தவர்கள் நாங்கள்.
போட்டுக்கொண்டு வந்தபோது சிரித்தவர்களும்.

"வெறுப்பெல்லாம் ஒன்றுமில்லை, வென்டெலின்.
பழம்பொருள். காப்பாற்ற வேண்டாமா?
ஞானஸ்நானம் வாங்கினால் அவனும் நம்மவன்தான்."
பள்ளிக்கூட வாத்தியார் வேறு கட்சி.
சட்டைப் பையில் மண்டையோடு அளக்கும் பித்தளைக் கவராயம்.
"தண்ணீர் தோலை நனைக்கும், ஐயா. ரத்தத்தை நனைக்குமா?"
இருவருக்கும் ஆகவே ஆகாது.
ஆனாலும் என் சாரத்துக்குக் கீழே
தோளோடு தோள் நின்று
ஒரே கல்லைக் கைகாட்டினார்கள்.

யார் முகத்தைப் பார்த்துச் செதுக்குவது?
எனக்குப் பழக்கமான யூதர் ஒருவர்தான்,
இரும்புக்கடை மானெஸ் லொவென்தால்.
கையிலிருந்த உளியே அவரிடம் தவணைக்கு எடுத்தது.
நான்கு மார்க் பாக்கி.
சப்பை மூக்கு, செம்பட்டைப் புருவம்.
தூரத்திலிருந்து பார்த்தால் என் மைத்துனன் ஆலோய்ஸ்.

எங்கள் கொத்தர் சங்கத்துப் பழைய ஏட்டில் ஒரு வரி உண்டு:
யூதன் கையில் உளி கூடாது.
தச்சர் ஏட்டில் உளிக்குப் பதில் இழைப்புளி.
தோல் கூடாது, நெசவு கூடாது, நிலம் கூடவே கூடாது.
வட்டிக்குக் கொடுக்கலாம், அது நமக்குத்தான் பாவம்.
இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திவிட்டு
திறந்திருந்த ஒன்றின் வழியே அவன் வந்ததும் சொன்னோம்,
பார், பணத்தைத் தவிர இவனுக்கு என்ன தெரியும்?

வாத்தியார் மடித்த செய்தித்தாள் ஒன்றைக் கொடுத்தார்.
தேர்தல் நேரம். மூன்றாம் பக்கத்தில் கேலிப்படம்:
பூமியைக் கட்டிப்பிடித்த விரல்கள்,
கசாப்புக்கடைக் கொக்கி மாதிரி மூக்கு.
வரைந்தவன் எந்த ஊரோ.
அவனும் யாரையும் பார்த்து வரைந்திருக்கமாட்டான்.
ஆணியில் குத்தி மாட்டிக்கொண்டேன்.
பித்தளை முளை அடித்து, புதுக்கல் பொருத்தி
மூன்று மூக்கு.
சொல்லக் கூச்சமாக இருக்கிறது:
நன்றாக வந்தது.

மூன்றாம் நாள் கீழே யாரோ நின்றார்கள்.
காலடி நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது யாரென்று.
நான் திரும்பவில்லை.
எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதும் தெரியாது.
"நனைத்துக்கொண்டு தட்டு, வென்டெலின்.
தூசி நெஞ்சுக்கு ஆகாது."
பிறகு நடை.

சாரம் பிரித்த அன்று சந்தைத் திடலில் பிள்ளைகள்.
கல்லை அண்ணாந்து பார்த்தார்கள்.
கடை வாசலில் லாடம் எண்ணிக்கொண்டிருந்த மானெஸைப் பார்த்தார்கள்.
மறுபடியும் கல்லை.
பொருந்தவில்லை.
கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு சிறுமி சொன்னாள்:
"ஒளித்து வைத்திருக்கிறார்."
மற்றவர்கள் தலையாட்டினார்கள்.
என் இளைய மகள் அவள். ஆறு வயது.

கூலி வாங்கிய கையோடு
பாக்கி நான்கு மார்க்கைக் கட்டினேன்.
ரசீது எழுதி, மை காய ஊதிக் கொடுத்தார்.
வெளியே தூறல் பிடித்திருந்தது.
வடக்குச் சுவர்ப் பக்கமாகப் போகாமல்
சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.
யாரும் கேட்காமல், கூலியும் வாங்காமல்
ஐந்நூறு வருடமாக அந்த மழை
ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது.
முடிக்கப் போகிற நேரம்.
இனி முதலிலிருந்து.